பாதி தெய்வநாயகம்

குத்தாலிங்கம் ராபியாவை நாற்காலியோடு சேர்த்து வெளியே இழுத்துக்கொண்டு போனபோது மாசானம் பாதி தெய்வநாயகம் ஆகியிருந்தான். மீதிப் பாதி ஏறவில்லை. தொட்டி நிறைந்துகொண்டிருக்கும்போது யாரோ போய்க் குழாயை அடைத்த மாதிரி மண்டபத்தில் எல்லாச் சத்தமும் நின்றது. அடுத்த நிமிஷம் ஊரும் நின்றது.

ஆலமுத்தூர் நகராட்சியின் விவரமெல்லாம் ஒன்பது பேரிடம் இருந்தது. அந்த வேலைக்கு டிஸ்க் என்று பேர். பழைய கல்யாண மண்டபத்தில், மணமேடைக்கு முன்னால், ஒன்பது சலூன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அவர்களை உட்கார வைத்திருந்தார்கள். சலூன் நாற்காலிதான் நன்றாகச் சுற்றும். சுற்றாத டிஸ்க்குக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. சூடானால் கெட்டுப்போகும் என்று ஏசியை நிறுத்தவே மாட்டார்கள். அதனால் எல்லோரும் குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் போட்டுக்கொண்டு சுற்றுவார்கள். தலைக்கு மேல் ஆளுக்கொரு விளக்கு. பச்சை என்றால் நலம். ஆரஞ்சு என்றால் சந்தேகம். சிவப்பு என்றால் முடிந்தது.

யாரிடமும் ஒரு விஷயம் முழுசாக இருக்காது. ஜன்னலில் ஒருவர் வந்து 'தேங்காய்' என்று பதியச் சொன்னால் ஜீரோ நாற்காலி 'தே'யை வைத்துக்கொள்ளும். ஒன்றாம் நாற்காலி 'ங்'கை வைத்துக்கொள்ளும். இரண்டாம் நாற்காலிக்கு 'கா'. அப்படியே ஏழுவரை போய், மறுபடி ஜீரோவுக்கு வரும். எட்டாம் நாற்காலியில் ஆவுடையம்மாள். மார்க்கெட்டில் காய்கறி விற்றவள். அவள் மற்ற எட்டையும் கூட்டி, கூட்டலை மட்டும் வைத்துக்கொள்வாள். 'தே'யையும் 'ங்'கையும் கூட்டினால் என்ன வரும் என்று அவளுக்குத்தான் தெரியும். கேட்டால் சொல்லுவாள், நமக்குப் புரியாது.

எட்டுப் பேரில் ஒருவர் படுத்துக்கொண்டாலும் மோசமில்லை. மற்றவர்கள் தங்களுடையதைச் சொல்லி, ஆவுடையம்மாள் கூட்டலைச் சொன்னால், இல்லாதது எது என்று தானாகத் தெரிந்துவிடும். ஒருவர் படுக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து படுக்கக் கூடாது. அவ்வளவுதான் சங்கதி.

மாசானம் இந்த ஒன்பதில் சேர்த்தி இல்லை. அவன் ஸ்பேர். மூலையில் அவனுக்கும் ஒரு சலூன் நாற்காலி உண்டு, ஆனால் சுற்றாதபடி தேங்காய்நார்க் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மேலே விளக்கு கிடையாது. காலியாக இருப்பதுதான் அவன் வேலை. யாராவது படுத்தால் அவன் அவராக ஆக வேண்டும். அதற்கு உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. வேலைக்கு ஆள் எடுத்த அன்றைக்கு, "உன் பேரு என்னப்பா?" என்று கேட்டார்கள். "வீட்ல கேட்டுச் சொல்லுதேன்" என்றான். அங்கேயே ஆர்டர் கொடுத்துவிட்டார்கள்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். ருசி ஞாபகத்தில் தங்கிவிடும் என்று உப்பில்லாத கஞ்சிதான் சாப்பாடு. அவன் பக்கத்தில் யாரும் பேச மாட்டார்கள். ஒருநாள் பஞ்சு விழுந்திருந்த நேரம் பார்த்து, நாலாம் நாற்காலி ராபியா அவனுக்கு ஒரு விடுகதை போட்டுவிட்டாள். மேற்பார்வைக்கார ஹில்டா மேடம் பார்த்துவிட்டார். திட்டவில்லை. மாசானத்தைக் கூட்டிப் போய், பச்சை டைல்ஸ் ஒட்டிய குளியலறையில் முக்காலி போட்டு உட்கார வைத்து, "பூஜ்யம் பூஜ்யம்னு சொல்லிக்கிட்டே இரு. விடுகதை இருந்த இடம் பூரா பூஜ்யம் ஆகட்டும்" என்றார். அவனும் சொன்னான். அது என்ன விடுகதை என்று இங்கே எழுத முடியாது. அதுதான் பூஜ்யமாகிவிட்டதே.

அவன் அழவெல்லாம் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தான். ஆனால் அவனுக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது: உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். எதுவானாலும் சரி.

அதற்கு வழி ஐந்தாம் நாற்காலியில் இருந்து வந்தது. அதில் இருந்தவர் தெய்வநாயகம் அண்ணாச்சி. நல்ல மனிதர், நிறைய வருஷம் சுற்றியவர். கொஞ்ச நாளாக ஒவ்வொரு சுற்றுக்கும் நாக்கைத் தட்ட ஆரம்பித்திருந்தார். டக். டக். ஹில்டா மேடம் தினமும் காலையில் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் உள்ளங்கையை வைத்து அதிர்வு பார்ப்பார், நெற்றியைத் தொட்டு சூடு பார்ப்பார், அப்புறம் ஒரு எவர்சில்வர் டம்ளரை முதுகில் வைத்துக் காதைக் கொடுப்பார். அண்ணாச்சியிடம் டம்ளரை வைத்தவர் நிமிர்ந்து, "அண்ணாச்சி, டக்குடக்குங்குது" என்றார்.

"எனக்கும் கேக்குதும்மா" என்றார் அண்ணாச்சி. "நல்லாத்தான் இருக்கு. பல்லி மாதிரி."

டக்டக் வந்த டிஸ்க் தேறாது. விளக்கு ஆரஞ்சாகி, ஒருநாள் சாயங்காலம் சிவப்பானது. அண்ணாச்சி குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆற்றில் குளித்து எழுந்தவர் மாதிரி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

ஹில்டா மேடம் மூலைக்கு வந்து மாசானத்தின் காதுப் பஞ்சை எடுத்தார். கயிற்றை அறுத்தார். நீள வயரில் ஒரு விளக்கைக் கொண்டுவந்து தலைக்கு மேல் தொங்கவிட்டார். "நீ இனிமே அண்ணாச்சி" என்றார். "அவுக சொல்லச் சொல்ல வாயத் தொற. மீதி தானா வந்து உக்காரும்."

அப்படித்தான் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஜீரோ தன்னுடையதைச் சொல்லும், ஒன்று சொல்லும், ராபியா சொல்லுவாள், ஆறும் ஏழும் சொல்லும், ஆவுடையம்மாள் கூட்டலைச் சொல்லுவாள். மாசானம் வாயைத் திறப்பான். 'பா' வரும். 'ட்' வரும். 'னி' வரும். ஒன்றுக்கும் அர்த்தம் கிடையாது. எட்டில் ஒரு துண்டுக்கு எங்கிருந்து அர்த்தம் வரும்? அவனுக்கு அது பற்றிக் கவலையே இல்லை. ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் அவனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி சுற்றியது. மறுநாள் மத்தியானம் அண்ணாச்சி வீட்டம்மா தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து, கணவரைத் தாண்டி நேராக அவனிடம் போனார்.

"எவ்வளவு ஆகியிருக்கு?" என்று கேட்டார்.

"பாதி" என்றான் மாசானம்.

மேலடுக்கை மட்டும் கழற்றிக் கொடுத்தார். சுண்டவத்தல் குழம்பு. உப்பு போட்டது. "சோறு கீழடுக்குல இருக்கு. முழுசா ஆனப்புறம் தாரேன்" என்றார்.

அன்றைக்கு ஹில்டா மேடத்தின் அக்கா புது வீட்டுப் பிரதிஷ்டை, பாளையங்கோட்டையில். அவர் போகத்தான் வேண்டும். குத்தாலிங்கத்தைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார். குத்தாலிங்கம் ஒப்பந்தக்காரன் அனுப்பிய ஆள்; நல்ல பலசாலி; நாற்காலி இழுக்கவே பிறந்தவன். பிரதிஷ்டை வீட்டில் ஜெபம் முடிந்து பிரியாணிக்கு இலை போட்டபோது மேடத்துக்கு ஞாபகம் வந்து போன் போட்டார்: "அஞ்சாம் நாற்காலிய வெளியே எடுத்து வச்சிரு. புது ஆளு வரப்போறாரு."

குத்தாலிங்கம் வரிசையின் ஆரம்பத்தில் போய் நின்றான். விரலை நீட்டி, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று எண்ணினான். விரல் ராபியாவின் மேல் நின்றது. இழுத்துக்கொண்டு போய் வராந்தாவில் விட்டு, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தான்.

இப்போது இரண்டு பேர் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் நின்றன. எங்கே போவது என்று டிரைவர்களுக்குத் தெரியவில்லை, போர்டும் வெள்ளையாக இருந்தது. சலூனில் பாதி முகம் மழித்த ஒருவர், மழிக்க வந்தாரா வளர்க்க வந்தாரா என்று கடைக்காரரோடு சேர்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். சந்தையில் ஆடுகள் ஆட்களைப் பிடித்துக்கொண்டு நின்றன. மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே மெதுவாக ஒரு வரிசை சேர்ந்தது. முதலில் நின்றவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"என் பேரு என்னன்னு மட்டும் சொல்லிருங்க. நான் பாட்டுக்குப் போயிருதேன்."

"எங்களுக்கே எல்லாம் நின்னுபோச்சுய்யா" என்றாள் ஆவுடையம்மாள். "செத்த உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.

மாசானத்துக்கு ஒரு விதி தெரியும். ஏறும்போதே அது முதலில் ஏறிவிட்டது: பாதியில் நின்ற ஸ்பேர், விளக்கு வைக்கும் நேரம்வரைக்கும் பாதியிலேயே இருந்தால் அந்தப் பாதியையும் துடைத்துவிட வேண்டும். பச்சை டைல்ஸ். முக்காலி. பூஜ்யம். அவன் ஜன்னல் வெயிலைப் பார்த்தான். இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. நாக்கில் சுண்டவத்தல் உப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை விழுங்காமல் வைத்துக்கொண்டான்.

ஹில்டா மேடம் வந்து சேர்ந்தார். பாளையங்கோட்டையில் இருந்ததால் அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஊர் எல்லையில் ஆட்டோக்காரர், இது யார் ஆட்டோ என்று கேட்டு இறங்கிக்கொண்டதால் அங்கிருந்து நடந்தே வந்திருந்தார். பட்டுப் புடவையில் புழுதி. அவர் வரிசையைப் பார்த்தார். சிவப்பு விளக்கின் கீழே அண்ணாச்சி உட்கார்ந்து டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முந்திய இடம் பல் விழுந்த மாதிரி இருந்தது.

"நான் எதை எடுக்கச் சொன்னேன்?"

"அஞ்சை" என்றான் குத்தாலிங்கம்.

"நீ எதை எடுத்தே?"

"அஞ்சை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. வேணும்னா இன்னொரு வாட்டி எண்ணிக் காட்டவா?"

"இங்க ஜீரோவுல இருந்து எண்ணணும்ல."

"எந்த ஊர்ல மேடம் ஜீரோவுல இருந்து எண்ணுதாங்க?"

"பிள்ளை பிறந்தன்னைக்கு அதுக்கு என்ன வயசு?"

குத்தாலிங்கம் யோசித்தான். "ஜீரோ" என்றான்.

"அவ்வளவுதான்."

"அப்ப செவப்பு வெளக்கு எரியுதே, அதைப் பாத்தாவது தெரிஞ்சிருக்கணும்னு சொல்லுதியளா?"

"நான் சொல்லல. நீயே சொல்லிட்டே."

அவன் போய் ராபியாவை நாற்காலியோடு திருப்பி இழுத்துவந்தான். டீ டம்ளர் அவள் கையிலேயே இருந்தது. நாலாம் இடத்தில் சரியாகப் பொருத்தினான். விளக்கு எரிந்தது. ஆனால் பச்சை இல்லை, ஆரஞ்சு. அதுவும் சிமிட்டியது. மற்ற நாற்காலிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"யாரும்மா நீ?" என்றது மூன்றாம் நாற்காலி.

"என்னது?"

"எங்க இருந்து வாரீய?"

"ஏட்டி ஆவுடையம்மா, பாத்தியா இவன? நேத்து இவன் வீட்டுப் பிள்ளைக்குப் பேரு வைக்க நான்தான எழுத்துக் குடுத்தேன்?"

ஆவுடையம்மாள் மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மொகம் பழகினதாத்தான் இருக்கு. ஆனா எங்க வரிசையில்லையே."

"அரை டம்ளர் டீ குடிக்கதுக்குள்ள நான் அயலூர்க்காரியா?"

"வெளிய போயிட்டு வந்தா அப்பிடித்தான்" என்றாள் ஆவுடையம்மாள், வருத்தமே இல்லாமல். "நாங்க போனாலும் எங்களையும் அப்பிடித்தான் கேப்பாக."

இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. வரிசையைவிட்டு எழுந்து போன டிஸ்க் திரும்பி வந்தால் அது அதே டிஸ்க்தானா என்று யாருக்குத் தெரியும்? வேறு ஊர்க் கதையெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம். சோதித்துத்தான் சேர்க்க முடியும். சோதிக்க ஒரே வழி, ஏதாவது ஒரு சுற்றை எல்லோரும் சொல்லிக் கூட்டல் சரியாக வருகிறதா என்று பார்ப்பது. ஆனால் கூட்டலுக்கு எட்டும் வேண்டும். ஐந்தாம் நாற்காலியில் அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார்.

ஹில்டா மேடம் மணமேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் மஞ்சளில் இருந்து காவிக்குப் போய்க்கொண்டிருந்தது. ராபியா டம்ளரின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். சேர்க்காவிட்டால் அவளை அட்டைப்பெட்டியில் போட்டு ஒப்பந்தக்காரனுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது எல்லோருக்கும் தெரியும்.

மூலையில் இருந்து மாசானம் தொண்டையைச் செருமினான்.

வேலைக்கு வந்த நாளில் இருந்து அவனாக ஒரு சத்தம் போட்டதில்லை. எல்லா நாற்காலியும் அந்தப் பக்கம் திரும்பின.

"என்கிட்ட பாதி அண்ணாச்சி இருக்கு" என்றான்.

ஹில்டா மேடம் எழுந்தார். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எந்தப் பாதி?"

"மொதப் பாதி."

"அப்ப மொதப் பாதியில இருந்து ஒரு சுத்து எடுப்போம். குத்தாலிங்கம், வயரப் பிடி." மேடம் கையைத் தட்டினார். "நீர் விநியோகம், மூணாவது சுத்து. ஜீரோ?"

"மே" என்றது ஜீரோ.

"ல" என்றது ஒன்று.

"த்" என்றது இரண்டு. பாவம், அந்த மனிதர் எப்போது பேசினாலும் துப்புகிற மாதிரி இருக்கும்.

"தெ" என்றது மூன்று, ராபியாவைச் சந்தேகமாகப் பார்த்தபடி.

ராபியா கண்ணை மூடினாள். நாற்காலி ஒரு சுற்று சுற்றி நின்றது. "ரு" என்றாள்.

இப்போது எல்லோரும் மாசானத்தைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான். உள்ளே, இருட்டில், அது இருந்த இடத்திலேயே இருந்தது. அவனுடையது. உள்ளே இருப்பதைச் சொல்லச் சொல்லி யாரும் அவனிடம் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள், அவனிடம் சொல்ல ஒன்று இருக்கிறது.

"க்" என்றான்.

தனியாகச் சொன்னபோது அது விக்கல் மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"கு" என்றது ஆறு.

"ழா" என்றது ஏழு.

ஆவுடையம்மாள் கண்ணைச் சுருக்கி, கட்டைவிரலை மற்ற விரல் கணுக்களில் ஓட்டினாள். கத்தரிக்காய் விலையைக் கூட்டுவது போலத்தான். ஒரு தடவை கூட்டினாள். திருப்தியில்லாமல் பின்னால் இருந்து ஒரு தடவை கூட்டினாள். ஜன்னலுக்கு வெளியே பெயர் இல்லாதவர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"சரியா வருது" என்றாள். "அவ நம்ம ராபியாதான்."

விளக்கு பச்சையானது. மூன்றாம் நாற்காலி உடனே, "ராபியாக்கா, டீ குடிச்சியளா?" என்றது.

"போலே, ஒழுங்கா சுத்து" என்றாள் ராபியா. அப்புறம் மூலைப் பக்கம் திரும்பி, டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குத்தாலிங்கத்திடம் கொடுத்து மாசானத்துக்கு அனுப்பினாள். ஆறிப்போன டீ. சர்க்கரை தூக்கலாக இருந்தது.

சுற்று மறுபடி ஆரம்பித்தது. ராபியா இருப்பதால் மீதிப் பாதியும் ஏறியது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் மாசானம் முழு தெய்வநாயகம் ஆகிவிட்டான். வயர் விளக்கு பச்சையாக எரிந்தது. ஊர் நகர்ந்தது. ஜன்னலில் நின்றவரிடம், "சிவனணைஞ்சான்" என்று அவர் பேரைச் சொன்னார்கள். "இவ்வளவு நீளமா?" என்றார். வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் வந்தது நல்ல காலம். தூக்குச்சட்டி முழுசாக வந்தது, இரண்டு அடுக்கும். மாசானம் உப்பு, புளிப்பு, உறைப்பு எல்லாம் சாப்பிட்டான். அண்ணாச்சியும் சந்தோஷமாக இருந்தார். வீட்டில் தினமும் காலையில் அவருடைய மனைவி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். அவரும், "உங்களப் பாத்ததுல ரொம்ப சந்தோஷம்" என்று எழுந்து கும்பிடுவார். கல்யாணத்துக்கப்புறம் இவ்வளவு மரியாதையைப் பார்த்ததே இல்லை என்று அந்தம்மா தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே சொன்னார். குத்தாலிங்கம் எல்லாவற்றையும் ஜீரோவில் இருந்து எண்ண ஆரம்பித்தான். பஸ்ஸில் தன் மூன்று பிள்ளைகளை ஜீரோ, ஒண்ணு, ரெண்டு என்று எண்ணி இரண்டு டிக்கெட் கேட்டான். கண்டக்டரும் எண்ணிப் பார்த்துவிட்டு இரண்டுதான் கிழித்தார்.

ராபியா அந்த விடுகதையை மறுபடி போட்டாள். இந்தத் தடவை விடையையும் சொன்னாள். மாசானம் சிரித்த சிரிப்பில் நாற்காலி எதிர்ப்பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டது.

அப்புறம் லாரி வந்தது. அட்டைப்பெட்டிமேல் எந்தப் பக்கம் மேலே என்று அம்பு போட்டிருந்தது. குத்தாலிங்கம் டேப்பைக் கிழித்தான். உள்ளே தெர்மாகோல், அதற்குள் வெள்ளிக் கவர், அதற்குள் ஜெயசீலன். சட்டைப்பையில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் இருந்தது. அதைத் தின்னக் கூடாது என்று அவனே எல்லோரிடமும் சொன்னான். "எந்த எடம்?" என்று கேட்டான். குத்தாலிங்கம் மூடிய கையை நீட்டி அதை ஜீரோ என்று வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, சரியாக ஐந்தில் கொண்டுபோய் உட்கார வைத்தான்.

மாசானம் தன்னிடம் இருந்தது எல்லாவற்றையும் ஜெயசீலனுக்குச் சொன்னான். ஒன்றையும் ஒளிக்கவில்லை. அப்படி ஒளித்தால் ஊருக்குத்தான் கேடு, அந்தளவு கெட்டவன் இல்லை அவன். ஜெயசீலனின் விளக்கு பச்சையானது. ஹில்டா மேடம் வயர் விளக்கைக் கழற்றிச் சுருட்டினார். அண்ணாச்சி வீட்டம்மா அன்று தூக்குச்சட்டியோடு மூலையைத் தாண்டி நேராக ஐந்தாம் நாற்காலிக்குப் போனார். போகும்போது, "வாரேன் தம்பி" என்றார்.

"வா மாசானம்" என்றார் ஹில்டா மேடம், இதமாக. "ஊரு எப்ப வேணும்னாலும் படுக்கும். நீ காலியா இருக்கணும்லா?"

"ஆமா மேடம்."

"வருத்தமா?"

"இல்ல மேடம். நல்லா இருந்துது."

பச்சை டைல்ஸ். முக்காலி. மேடம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். மாசானம் ஆரம்பத்தில் இருந்து தொடங்கினான். பூஜ்யம். பூஜ்யம். 'பா' போனது, 'ட்' போனது, 'னி' போனது. சுண்டவத்தல் போனது. விடுகதை போனது, விடையும் போனது. அதனால் அதை இப்போதும் இங்கே எழுத முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூஜ்யம். அவன் சோம்பேறி இல்லை, ஒழுங்காகத்தான் சொன்னான். நீர் விநியோகம் வந்தது. முதல் சுற்று, பூஜ்யம். இரண்டாவது சுற்று, பூஜ்யம். மூன்றாவது சுற்று வந்தபோது வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு விட்டான். நான்காவது சுற்று, பூஜ்யம்.

"எல்லாம் ஆச்சா?" என்று வெளியில் இருந்து குரல் வந்தது.

"ஆச்சு மேடம்."

நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். காதில் பஞ்சு வைத்தார்கள். உப்பில்லாத கஞ்சி வந்தது, குடித்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் மேலத்தெருவுக்குத் தண்ணீர் விடும் நேரம். வரிசை அந்தச் சுற்றைச் சொன்னது. மே, ல, த், தெ என்று வந்து, ராபியா "ரு" என்றாள். ஜெயசீலன் "க்" என்றான். மூலையில் இருந்தும் ஒரு "க்" வந்தது.

ஆவுடையம்மாளின் கட்டைவிரல் கணுவில் நின்றது. அவள் மூலையைப் பார்த்தாள். அந்த ஒன்றைக் கூட்டலில் சேர்க்காமல் விரலை நகர்த்தினாள்.

"ஆரோ நினைக்காக போல" என்றாள்.

மேலத்தெருக் குழாயில் தண்ணீர் வந்து நின்ற பிறகு ஒரு சொட்டு கூடுதலாக விழுந்தது. மறுநாளும் விழுந்தது. தெருக்காரர்கள் அந்தச் சொட்டுக்கென்று தனியாக ஒரு செம்பு வாங்கி வைத்து, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டுக்கொண்டார்கள்.

செம்பு நிறைந்த அன்றைக்கு அதை மண்டபத்துக்குக் கொடுத்தனுப்பினார்கள். அப்போது வரிசை மூன்றாவது சுற்றில் இருந்தது. ராபியா, மூலைப் பக்கம் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிவைத்துக்கொண்டு, தேவைக்கு அதிகமாகவே இழுத்து "ரூ" என்றாள். மாசானத்துக்கு விக்கல் எடுத்தது.

ஹில்டா மேடம் செம்பை அவன் கையில் கொடுத்து, ஒரு பஞ்சை எடுத்துவிட்டு, தண்ணீரைக் குடி, நின்றுபோகும் என்றார்.

அவன் செம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். குடிக்கவில்லை.